பால்மரத்தின் பேரேடு



கோலகங்சாருக்குப் போனவர்கள் மாவட்ட அலுவலகத்தின் அருகே காக்கப்பட்டு வரும் முதிய ரப்பர் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். 1876ஆம் ஆண்டு விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். முளைத்தவை 3,000க்கும் குறைவு. அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. பேராக் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவ்வழியில் கிடைத்த சில கன்றுகளைக் கோலகங்சாரில் நட்டார். நம் முன்னோர் கப்பலேறி வந்து வெட்டிய பால்மரங்களின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஏற்பட்டது. அதன் ஒட்டுக்கன்றுகளில் பேர்பெற்றது ஆர்.ஆர்.ஐ.எம். 600. அதன் தாய் தந்தையரில் ஒன்று ஜாவாவின் மரம். மற்றொன்று சிலாங்கூர் பிராங் பெசார் தோட்டத்து மரம். அந்தத் தோட்டம் இருந்த இடத்தில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது. இருள் பிரியுமுன் உளியும் வாளியுமாய் நிரைக்குப் போன நம் தாய்மார்களில் எத்தனையோ பேர் இந்த 600ஐத் தொட்டு வெட்டியவர்கள்.

2013ஆம் ஆண்டு, பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இதே 600இன் மரபுச் செய்தியை முதன்முறையாகப் படித்து வெளியிட்டார்கள். அது ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகளால் ஆனது. ஆனால் அதன் நீளம் ஏறத்தாழ 200 கோடி எழுத்துகள்! பெரும்பகுதி திரும்பத் திரும்ப வருவது. இடைவெளியோ நிறுத்தற்குறியோ கிடையாது. இதில் மரபணு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

இதைக் கணினி ஊகித்துச் சொல்கிறது. மரபணு தொடங்குவதற்கும் முடிவதற்கும் சில எழுத்து அடையாளங்கள் உண்டு. நடுவில் பொருள் தரும் துண்டுகளும், வெட்டி நீக்கப்படும் இடைத்துண்டுகளும் மாறி மாறி வரும். பாலிலும் இலையிலும் கிடைக்கும் ஆர்.என்.ஏ.யையும், உறவுச் செடிகளின் மரபணுக்களையும் கணினி ஒப்பிட்டுப் பார்க்கும். ஜப்பான்காரன் காலத்தில் நம் பசி தீர்த்த மரவள்ளி, ரப்பருக்கு உறவுச் செடிதான். ஆமணக்கும் அதே குடும்பம்.

ஊகித்ததைப் படமாகக் காட்டும்போது, பொருள் தரும் துண்டைக் கட்டமாகவும் இடைத்துண்டை மெல்லிய கோடாகவும் வரைகிறார்கள். எழுதி வைக்க ஒன்பது பத்திகள் கொண்ட பேரேடு இருக்கிறது. எந்தத் துண்டு, என்ன வகை, எங்கே தொடக்கம், எங்கே முடிவு என்பவை அதில் வரும். இதைச் சொன்ன மென்பொருள் எது என்பதற்கும், அந்த ஊகத்துக்குரிய மதிப்பெண்ணுக்கும் தனித்தனிப் பத்திகள் உண்டு.

இந்த இரண்டு பத்திகளும் ஏன் தேவை? 2013இல் ஊகித்த மரபணு மாதிரிகள் 68,955. 2016இல் ஜப்பானியரும் மலேசியரும் சேர்ந்து அதே 600ஐ மீண்டும் படித்தபோது 84,440 என்றார்கள். அதே ஆண்டில் சீன ஆய்வாளர்கள், 600இன் வாரிசான தங்கள் மரம் ஒன்றைப் படித்து 43,792 என்றார்கள். படித்த துண்டுகள் உடைந்திருந்தால் ஒரு மரபணு இரண்டாக எண்ணப்படும். மென்பொருளும் சான்றும் மாறினால் கணக்கும் மாறும். ஆனால் ரப்பர்த் துளியின்மேல் படியும் புரதங்களுக்கான மரபணுக்கள் இந்த மரத்தில் பெருகியிருக்கின்றன என்பதில் 2016இன் இரு ஆய்வுகளும் ஒத்துப்போயின.

பேரேட்டின் அருமை நமக்குத் தெரியாததல்ல. பெரட்டில் நின்று, நாள் முழுதும் உழைத்தும், செக்ரோலில் பெயர் விடுபட்டதால் கூலி இழந்த குடும்பங்கள் நம்மில் உண்டு. எழுதியவர் யார் என்று கேட்க அன்று நமக்குத் துணிவில்லை. மரத்தின் பேரேட்டிலோ அந்தக் கேள்விக்கென்றே ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார்கள். அதனால்தான் பின்னால் வருபவர் பிழையைக் கண்டு திருத்த முடிகிறது.

ஈப்போவைச் சுற்றிய பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயங்கள் கலைந்துவிட்டன. ஆனாலும் 600இன் பேரேடு இன்னும் எழுதி முடியவில்லை. அதைத் திருத்தி எழுதும் கைகளில், உளி பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகளின் கையும் இருக்க வேண்டும். உயிரியலும் கணக்கும் படிக்கும் பிள்ளை நம் வீட்டில் இருந்தால், இந்த மரத்தின் கதையை இன்றிரவே சொல்லி வைப்போம்.