தாய் வழி வந்த உரிமை



நம் கூட்டமைப்பு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தாங்க என்று கேட்டார்கள். வேலு நாச்சியார், முத்துலட்சுமி அம்மையார் பற்றியெல்லாம் நம் கூட்டங்களில் நிறையப் பேசியாச்சு. அதனால் இந்த முறை ஜப்பான் நாட்டுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் ரென்ஹோ. அந்தப் பெயரை எழுதும் இரண்டு எழுத்துகளில் ஒன்றுக்குத் தாமரை என்றும், இன்னொன்றுக்குப் படகு என்றும் பொருள். அரசியலில் இந்த ஒற்றைப் பெயரிலேயே அவரை எல்லாரும் அறிவார்கள்.

1967 நவம்பர் 28 அன்று டோக்கியோவில் பிறந்தார். அப்பா தைவான்காரர், வியாபாரம் செய்தவர். அம்மா ஜப்பான்காரர். பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் டோக்கியோவில்தான். ஆனாலும் 17 வயது வரை அவர் ஜப்பான் குடிமகள் இல்லை!

பெத்த தாய் அந்த நாட்டுக்காரி, பிள்ளை எப்படி வெளிநாட்டுக்காரி ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். அன்றைய ஜப்பான் சட்டம் அப்படி. குழந்தையின் குடியுரிமை அப்பாவை வைத்துத்தான். அப்பா ஜப்பானியர் என்றால் பிள்ளையும் ஜப்பானியர். அம்மா மட்டும் ஜப்பானியர் என்றால் செல்லாது. இதனால் அதிகம் கஷ்டப்பட்டது ஒகினாவா தீவுப் பெண்கள். அங்கே அமெரிக்க ராணுவ முகாம்கள் உண்டு. அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த சில குழந்தைகளுக்கு அமெரிக்காவும் குடியுரிமை தரவில்லை, ஜப்பானும் தரவில்லை. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பிள்ளைகளாக வளர்ந்தார்கள்.

இதை நாடாளுமன்றத்தில் விடாமல் கேட்டவர் தகாகோ டோய் என்ற பெண் உறுப்பினர். பின்னாளில் ஜப்பான் கீழ்சபையின் முதல் பெண் சபாநாயகர் ஆனவர் இவர்தான். பெண்களுக்கு எதிரான எல்லாப் பாகுபாடுகளையும் ஒழிக்க 1979-ல் ஐக்கிய நாடுகள் சபை ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. அதில் ஜப்பான் முழுமையாகச் சேர வேண்டுமானால் இந்தச் சட்டத்தை மாற்றியே ஆக வேண்டும். 1984-ல் சட்டம் திருத்தப்பட்டு, 1985 ஜனவரி 1 முதல் அம்மா வழியாகவும் குடியுரிமை வந்தது. அந்த வருஷமே ரென்ஹோவும் ஜப்பான் குடிமகள் ஆனார். ஜப்பானை மட்டும் குறை சொல்ல வேண்டாம். வெளிநாட்டில் பிறக்கும் இந்தியக் குழந்தைக்கு நம் நாட்டுச் சட்டமும் 1992 வரை அப்பாவை மட்டும்தான் பார்த்தது.

ரென்ஹோ கல்லூரியில் சட்டம் படித்தார். விளம்பர மாடலாக இருந்தார், பிறகு தொலைக்காட்சியில் செய்தி வாசித்தார். கல்யாணம் ஆன பிறகு சீனாவில் பீக்கிங் பல்கலைக்கழகத்துக்குப் போய் மொழி படித்தார். 1997-ல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தார்கள். 2004-ல் டோக்கியோவிலிருந்து மேல்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவரை நாடே திரும்பிப் பார்த்தது 2009 நவம்பரில். அப்போது புதிதாக வந்த அரசு, ஒவ்வொரு துறையும் கேட்கிற பணம் உண்மையிலேயே தேவையா என்று பொதுமக்கள் முன்னால் விசாரித்தது. டோக்கியோவில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். நம் ஊரில் நடக்கும் சமூகத் தணிக்கை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ரென்ஹோ கேட்ட கேள்விகளுக்குப் பெரிய பெரிய அதிகாரிகளே பதில் சொல்லத் திணறினார்கள். உலகிலேயே வேகமான கணினி செய்யப் பணம் கேட்டபோது, ஏன் முதலிடம்தான் வேண்டும், இரண்டாம் இடம் போதாதா என்று கேட்டார். விஞ்ஞானிகளுக்குக் கோபம் வந்துவிட்டது. திட்டம் தொடர்ந்தது. 2011-ல் அந்தக் கணினி உலகில் முதலிடமும் பிடித்தது. அதைச் சொல்லிச் சொல்லியே அவரைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. நான் என்ன நினைக்கிறேன் என்றால், கணக்குக் கேட்டது தப்பே இல்லை. கேள்வி வந்தால்தான் பதில் சொல்பவரும் தயாராக வருவார். நம் குழுவில் தணிக்கை நடக்கும்போது இதை நாம் பார்க்கிறோமே!

2010 ஜூனில் நிர்வாகச் சீர்திருத்த அமைச்சரானார். அடுத்த மாதம் நடந்த தேர்தலில் 17 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வாங்கி ஜெயித்தார். மேல்சபைத் தொகுதி ஒன்றில் அதுவரை யாரும் அவ்வளவு வாங்கியதில்லை. 2016 செப்டம்பரில் முக்கிய எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிக்குத் தலைவரானார். அந்தக் கட்சிக்கு அவரே முதல் பெண் தலைவர்.

அந்தத் தேர்தல் நேரத்தில்தான் பழைய விஷயம் கிளம்பியது. நீ இன்னும் தைவான் குடியுரிமையை விடவில்லையாமே என்று கேட்டார்கள். 17 வயதிலேயே அப்பா அதையெல்லாம் முடித்துவிட்டார் என்று ரென்ஹோ நம்பியிருந்தார். விசாரித்தால் அது முடியவே இல்லை. இடையில் அவர் வேறுவேறு மாதிரி பதில் சொன்னதால் சந்தேகம் இன்னும் பெருத்தது. 2017 ஜூலையில் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, தன் குடும்பப் பதிவேட்டின் ஒரு பகுதியையும் மற்ற ஆவணங்களையும் காட்டினார். அதே மாதக் கடைசியில் தலைவர் பதவியை விட்டு விலகுவதாக அறிவித்தார். டோக்கியோ நகரசபைத் தேர்தலில் கட்சி தோற்றதும் அதற்கு ஒரு காரணம்.

அவர் ஆவணம் காட்டியதை அவர் கட்சியிலேயே சிலர் ஏற்கவில்லை. ஜப்பானில் கொரிய, தைவான், சீன வம்சாவளியினர் பல தலைமுறையாக இருக்கிறார்கள். ஒரு கட்சித் தலைவியே ஆவணத்தைக் காட்டினால், நாளைக்குச் சாதாரண மனுஷியையும் காட்டு காட்டு என்று கேட்பார்களே என்பது அவர்கள் பயம். இன்னொரு பக்கம், நாட்டை ஆளப் போகிறவர் தன் கணக்கைத் தெளிவாகச் சொல்ல வேண்டாமா என்ற கேள்வியும் நியாயம்தான். என்னைக் கேட்டால், சட்டப்படி செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தாயா என்று கேட்கலாம், நீ எங்களில் ஒருத்திதானா என்று கேட்கக் கூடாது. இரண்டும் வேறுவேறு. நான் முதல்முதலில் குழுப் பிரதிநிதியாக நின்றபோது, "இவ வாக்கப்பட்டு வந்தவதானே, நம்ம ஊர்க்காரியா?" என்று ஒரு பேச்சு வந்தது. அப்போது எனக்குக் கல்யாணமாகி 14 வருஷம். குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை எல்லாம் கையில் இருந்தும் அந்தக் கேள்வி சுட்டது. நம்மில் பாதிப் பேர் ஓர் ஊரில் பிறந்து இன்னோர் ஊரில் வாழ்கிறவர்கள். அதனால் ரென்ஹோவின் கஷ்டம் நமக்குப் புரியாததில்லை.

ரென்ஹோ அதோடு வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. 2024-ல் மேல்சபைப் பதவியை விட்டுவிட்டு டோக்கியோ ஆளுநர் தேர்தலில் நின்றார். மூன்றாம் இடம்தான் கிடைத்தது. 2025 ஜூலையில் மறுபடி மேல்சபைக்கு ஜெயித்து வந்தார்.

ஜப்பான் பெண்கள் முதல்முதலாக ஓட்டுப் போட்டது 1946 ஏப்ரலில். அந்த ஒரே தேர்தலில் 39 பெண்கள் ஜெயித்தார்கள். 2024-ல் கீழ்சபைக்கு ஜெயித்த பெண்கள் 73 பேர். மொத்த இடம் 465. 78 வருஷத்தில் ஏறியது இவ்வளவுதான். பணக்கார நாடு என்பதால் பெண்ணுக்கு இடம் தானாக வந்துவிடாது என்பது இதில் தெரிகிறது.

சகோதரிகளே, நம் கூட்டமைப்புக்குத் தேவையான மூன்று விஷயங்களை இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். சட்டம் அநியாயமாக இருந்தால் டோய் அம்மா மாதிரி விடாமல் கேட்க வேண்டும். கணக்கு எதுவானாலும் சபையில் வைத்துக் கேட்க வேண்டும், நம் கணக்கையும் முதல் நாளே தெளிவாக வைக்க வேண்டும். புதிதாக ஊருக்கு வரும் மருமகளை, பிழைக்க வந்த குடும்பத்துப் பெண்ணை, "நீ யாரு?" என்று கேட்காமல் குழுவில் சேர்த்துத் தீர்மான நோட்டில் பெயர் எழுத வேண்டும். அடுத்த பொறுப்பாளர் அவராகவும் இருக்கலாம்.