கோழி மூளையில் ஒளிந்திருந்த மலேரியா

ஏற்காடு மலையில வாழவந்தி பக்கம் ஒரு காய்ச்சல் முகாம். விரல்ல குத்தி ரத்தம் எடுக்கும்போது ஒரு பாட்டி கேட்டாங்க: "ஏன் சாமி, கோழிக்கும் இந்தக் கொசுக்காய்ச்சல் வருமா? எங்க கோழி கழுத்தைத் திருகிக்கிட்டே செத்துப்போச்சே."

அது பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சலா இருக்கும், தடுப்பூசி போடுங்கன்னு சொன்னேன். ஆனா கேள்வி அருமையான கேள்வி. கோழிக்கும் மலேரியா உண்டு, மூளையையும் தாக்கும். மனுஷ மலேரியாவின் பெரிய புதிர் ஒன்று அவிழ ஆரம்பித்தது அந்த மூளையில்தான். அந்தக் கதைதான் இந்த த்ரெட்.

1898இல் கல்கத்தாவில் ரொனால்ட் ராஸ், பறவை மலேரியா கொசுக்கடியால் பரவுவதை நிரூபித்தார். சரி, கடித்த பிறகு? சில நாட்களுக்கு ரத்தத்தில் கிருமியே தென்படாது. அதுவரை எங்கே இருக்கு?

1903இல் ஜெர்மனியின் ஷௌடின், கிருமி நேராக ரத்தச் சிவப்பணுவுக்குள் நுழைவதைக் கண்ணால் பார்த்ததாக எழுதினார். வேறு யாராலும் அதை மறுபடி பார்க்க முடியல. ஆனாலும் பெரிய மனுஷர் சொன்னதாச்சே! பாடப்புத்தகங்கள் பல வருஷம் அதையே ஒப்பித்தன. (மருத்துவத்தில் இந்த வியாதிக்கு இன்னும் மருந்தில்லை.)

1935இல் ப்ரம்ப்ட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கோழி மலேரியாக் கிருமிக்கு பிளாஸ்மோடியம் கேலினேசியம் என்று பெயர் வைத்தார். 1937இல் இங்கிலாந்தில் ஜேம்ஸும் டேட்டும் நோயுற்ற கோழிகளின் மூளையைப் பார்த்தால், நுண் ரத்தக்குழாய்களின் உட்சுவர் செல்களுக்குள் கிருமி பெருகிக் கிடக்கு. குழாயே அடைபடும் அளவுக்கு! சிவப்பணுவுக்கு வெளியே வாழும் இந்த வடிவத்தைக் கொயினா அசைக்காது.

வாத்து வளர்ப்பவர்களுக்கு: வட அமெரிக்கா பக்கம் வாத்துகளை லூகோசைட்டோசூன் சிமாண்டி என்ற உறவுக்காரக் கிருமி தாக்கும். அதைப் பரப்புவது கொசு இல்லை, ஓடும் தண்ணீரில் பிறக்கும் ஒரு கடி ஈ. அதுவும் மூளை வரைக்கும் போகும். இந்தப் பறவை மலேரியா எதுவும் மனுஷருக்குத் தொற்றாது, பயப்பட வேண்டாம்.

இனி நம்ம ஊர். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டின் இயக்குநராக இருந்த ஷார்ட், கே.பி. மேனன், பி.வி. சீதாராம ஐயர் மூவரும், காய்ச்சலுக்கு முந்தைய நாட்களில் கோழி மலேரியாக் கிருமி எந்த வடிவில் இருக்குன்னு ஆராய்ந்து 1940இல் வெளியிட்டார்கள். கிண்டியைத் தினமும் தாண்டிப் போறவங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அதே ஷார்ட், கார்ன்ஹாமோடு சேர்ந்து லண்டனில் ஒரு குரங்கைச் சுமார் 500 கொசுக்களை விட்டுக் கடிக்க வைத்தார். கிருமி ஒளிந்திருந்தது ஈரலில். 1948இல் மனுஷ ஈரலிலும் அகப்பட்டது. ஷௌடின் சொன்னது அன்றோடு முடிந்தது.

வைவாக்ஸ் மலேரியாவுக்குக் காய்ச்சல் விட்ட பிறகும் 14 நாள் பிரைமாகுவின் கொடுப்பது, ஈரலில் தூங்கும் கிருமிக்காகத்தான் (கர்ப்பிணிகளுக்குக் கிடையாது, மற்றவர்களும் டாக்டர் சொன்னால் மட்டும்). மூணாம் நாளே நிறுத்திட்டு, ரெண்டு மாசம் கழிச்சு கம்பளியோட நடுங்கிக்கிட்டே வர்றவங்களை இன்னும் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்.