மங்காஃபில் ஒரு கட்டில்: வளைகுடா ஊதியமும் வறுமை ஒழிப்பின் செலவும்

வளரும் நாடுகளின் வறுமையைப் பேசும் ஆய்வுகளில், வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு வரும் பணம் பெரும்பாலும் நற்செய்தியாகவே இடம்பெறுகிறது. உலக வங்கியின் கணக்குப்படி, 2023இல் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்குப் புலம்பெயர்ந்தோர் அனுப்பிய தொகை ஏறத்தாழ 65,600 கோடி டாலர். அந்நிய நேரடி முதலீடும் சரி, பணக்கார நாடுகள் தரும் வளர்ச்சி உதவியும் சரி, இந்தத் தொகையை எட்டவில்லை. இந்தியாவுக்கு மட்டும் சுமார் 12,000 கோடி டாலர் வந்தது. ரிசர்வ் வங்கி 2023-24ஆம் ஆண்டுக்கு எடுத்த ஆய்வில், அதில் வளைகுடா நாடுகளின் பங்கு ஏறத்தாழ 38 சதவீதம்; மாநிலங்களில் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது 10 சதவீதத்துக்குச் சற்று மேல். இந்த எண்களை வைத்துக்கொண்டு, ஏழை நாடுகளுக்கு இடப்பெயர்வைவிடச் சிறந்த வறுமை ஒழிப்புத் திட்டம் கிடையாது என்று முடிவுகட்டுவோர் உண்டு. அந்த முடிவோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் அந்தத் திட்டத்துக்கு முதல் போடுவது யார் என்ற கேள்வி இந்தக் கணக்குகளில் எங்கும் எழுவதில்லை. அரசுகள் தந்திருக்க வேண்டிய சமூகப் பாதுகாப்பைத் தொழிலாளி தன் கடனாலும், தான் படுத்துறங்கும் இடத்தாலும், தன் முதுமையாலும் ஈடுகட்டுகிறார் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2024 ஜூன் 12 அதிகாலையில், குவைத்தின் தெற்கே அஹ்மதி மாகாணத்திலுள்ள மங்காஃபில், ஒரே நிறுவனத்தின் தொழிலாளர்கள் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் தீப்பிடித்தது. உள்ளே 190 பேருக்கு மேல் இருந்தார்கள். இறந்தவர்கள் ஏறத்தாழ ஐம்பது பேர். மூன்று பிலிப்பைன்ஸ்காரர்களைத் தவிர அநேகமாக எல்லோரும் இந்தியர்கள். ஜூன் 14 அன்று விமானப்படை விமானம் 45 உடல்களோடு கொச்சியில் இறங்கியது. அங்கே ஒப்படைக்கப்பட்ட 31 உடல்களில் 23 கேரளத்தவருடையவை, 7 தமிழ்நாட்டவருடையவை, ஒன்று கர்நாடகத்தவருடையது.

தீயைவிடப் புகையே அதிகம் பேரைக் கொன்றது. கீழ்த்தளத்தில் காவலாளியின் அறையில் ஏற்பட்ட மின்கசிவே தொடக்கம் என்று குவைத் தீயணைப்புத் துறை சொன்னது. அத்துறையினர் சொன்ன வேறு இரண்டு செய்திகள்தான் நம் பொருளுக்கு முக்கியம். அறைகளைப் பிரிக்கப் போட்டிருந்த தடுப்புகள் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனவை. அவற்றிலிருந்து கிளம்பிய கரும்புகை படிக்கட்டை நிறைத்தது. கீழே இறங்க ஓடியவர்கள் வழியிலேயே மூச்சுத்திணறி விழுந்தார்கள். மேலே போகலாம் என்றால் மொட்டைமாடிக் கதவு பூட்டியிருந்தது.

தடுப்பு எதற்குப் போடுகிறார்கள்? ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய ஃபிளாட்டில் கூடத்தை இரண்டாக வெட்டினால் இன்னும் நான்கு கட்டில் போடலாம். வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த இடத்தை விவரிக்கத் தேவையில்லை. இரண்டடுக்கு இரும்புக் கட்டில். கீழ்க்கட்டில்காரர் நாலு பக்கமும் கைலியையோ போர்வையையோ கட்டித் திரையாக்கியிருப்பார். தலைமாட்டில் ஒரே பிளக்கிலிருந்து ஐந்தாறு சார்ஜர். கட்டிலுக்கடியில் சூட்கேஸ், ஊருக்குக் கொண்டுபோகச் சேர்த்துவைத்த டைகர் பாம், சோப்பு, பால்பவுடர். சமையலுக்கு முறை. கழிவறைக்கு விடியற்காலை நாலு மணிக்கே வரிசை. இந்த நெருக்கடியைத் தொழிலாளியின் சிக்கனம் என்று சொல்லித் தட்டிக்கழிப்பவர்கள் உண்டு. 'பெட் ஸ்பேஸ்' எடுத்துத் தனியாகத் தங்குபவர் விஷயத்தில் அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். நிறுவனமே தங்குமிடம் தரும்போது தலைக்கு எத்தனை சதுர அடி என்பதைத் தொழிலாளி தீர்மானிப்பதில்லை.

இந்தக் கட்டடங்கள் ஏன் மங்காஃபிலும், பக்கத்து மஹ்பூலாவிலும், விமான நிலையத்தை அடுத்த ஜலீப் அல் ஷுயூக்கிலும் குவிகின்றன என்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. குடும்பமின்றித் தங்கும் ஆண்களுக்குக் குடும்பக் குடியிருப்புப் பகுதிகளில் வீடு வாடகைக்கு விடக்கூடாது என்று 1992இலேயே குவைத்தில் சட்டம் வந்துவிட்டது. குடும்பத்தைக் கூட்டிவரலாமென்றால், 2024 தொடக்கத்தில் குடும்ப விசா மீண்டும் திறக்கப்பட்டபோது அதற்கு விதித்த ஊதிய வரம்பு மாதம் 800 தினார். தனியார் துறையில் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் 75 தினார், அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 20,000 ரூபாய். ஆகவே கீழ்நிலை ஊதியக்காரர் தனியாகத்தான் இருந்தாக வேண்டும். தனியாக இருப்பவர் நகரின் பெரும்பகுதியில் குடியிருக்கக்கூடாது. மிச்சமிருக்கும் சில பேட்டைகளில் எல்லோரும் நெருக்கிக்கொள்கிறார்கள், கட்டட உரிமையாளர் தடுப்பு போடுகிறார். 2020 ஏப்ரலில் கொரோனாவுக்காக குவைத் முதலில் முழுமையாக அடைத்த பகுதிகள் மஹ்பூலாவும் ஜலீபும்தான் என்பது தற்செயல் இல்லை. தீ விபத்து நடந்த இடத்துக்கு வந்த குவைத் உள்துறை அமைச்சர் கட்டட உரிமையாளர்களின் பேராசையைச் சாடினார், கைதுகள் நடந்தன, விதிமீறிய கட்டடங்களில் சோதனை நடந்தது. பேராசை இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தப் பேராசைக்கு இடம் அமைத்துக் கொடுத்தது விசா விதியும் குடியிருப்பு விதியும்.

ஒரு விஷயத்தை இடையில் சொல்லியாக வேண்டும். சுதந்திரம் பெற்ற 1961ஆம் ஆண்டிலேயே, பிற நாடுகளுக்கு வளர்ச்சிக் கடன் தருவதற்கென்று தனி நிதியத்தைத் தொடங்கிய நாடு குவைத். முதலில் அரபு நாடுகளுக்கு. 1970களில் எண்ணெய் விலை ஏறிய பிறகு பிற வளரும் நாடுகளுக்கும். கர்நாடகத்தின் காளிநதி நீர்மின் திட்டத்துக்கும் அதிலிருந்து கடன் வந்திருக்கிறது. ஏழை நாடுகளின் தேவையை அறியாத அரசு என்று குவைத்தைச் சொல்ல முடியாது. நிதியத்தின் கடனுக்குத் திட்ட அறிக்கை, மதிப்பீடு, பாதுகாப்பு நிபந்தனை எல்லாம் உண்டு. அதே நாட்டிலிருந்து ஏழைக் குடும்பங்களுக்குப் போகும் இன்னொரு வழியான ஊதியத்துக்கு அந்தக் கண்காணிப்பில் ஒரு பங்குகூட வாய்ப்பதில்லை.

இனி இந்தப் பக்கம். தமிழ்நாட்டில் பல பரிமாண வறுமையில் இருப்போர் 2019-21 தரவுப்படி 2.20 சதவீதம்தான் என்கிறது நிதி ஆயோக். ரேஷன் அரிசி எல்லோருக்கும் உண்டு; பள்ளியில் சாப்பாடு உண்டு; 2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகையும் வந்தது. அப்படியென்றால் இராமநாதபுரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஆள் ஏன் மங்காஃப் கட்டிலுக்குப் போகிறார்? குறியீட்டில் வறுமை தீர்ந்த இடத்தில்தான் வேறொரு தேவை தொடங்குகிறது. கூரை வீட்டைக் கான்கிரீட் வீடாக்க, தங்கையின் கல்யாணத்துக்கு நகை போட, பிள்ளையை இன்ஜினியரிங் சேர்க்க, அப்பாவின் இருதய ஆபரேஷனுக்கு வாங்கிய கடனை அடைக்க. இவற்றில் எதுவும் பட்டினி ஆகாது. ஆனால் உள்ளூர்க் கூலியில் இவற்றில் ஒன்றைக்கூட முடிக்க முடியாது. 2024-25இல் நூறு நாள் வேலைத் திட்டத்தின் தமிழ்நாட்டுக் கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். நம் நலத்திட்டங்கள் உயிர்வாழ்வைத் தாங்குகின்றன. வாழ்க்கைத்தரம் ஒரு படி ஏறுவதற்கான செலவைக் குடும்பத்தின் தலையில் விட்டுவிடுகின்றன. அந்த இடைவெளியைத்தான் வளைகுடா நிரப்பிவந்திருக்கிறது. பரம ஏழைக்கோ அந்த வழியும் கிடையாது. விசாவுக்குக் கடன் கொடுக்க ஆள் இருப்பவர்தான் விமானம் ஏற முடியும்.

அந்தக் கடனைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். இந்தியச் சட்டப்படி, பதிவுபெற்ற ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். ஊருக்கு ஊர் இருக்கும் சப்-ஏஜென்ட் கேட்பது அதைப் போல் சில மடங்கு என்பதை அறியாத கிராமம் இல்லை. ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வட்டிக்கு வாங்கினால் மாத வட்டி மட்டும் 4,500. எழுபத்தைந்து தினார் சம்பளத்தில் இருபது தினார் சாப்பாட்டுக்குப் போக, வட்டியும் போக, கையில் நிற்பது பத்தாயிரத்துச் சொச்சம். அசலைத் தொடவே இல்லை. மிஞ்சுவதை முழுவதும் அசலுக்கே கட்டினாலும் முதல் ஒப்பந்தத்தின் சுமார் ஓராண்டு வட்டிக்காரருக்கான உழைப்பு. இந்த நிலையில் இருக்கும் ஒருவர், அறையில் ஆள் அதிகம், மாடிக்கதவைத் திறந்துவையுங்கள் என்று முதலாளியிடம் கேட்பாரா? குடியிருப்பு அனுமதியான அக்காமாவைப் புதுப்பிப்பதும் ரத்து செய்வதும் முதலாளி கையில் இருக்கும்போது? கட்டிலின் நெருக்கடியும் விசாக் கடனும் தனித்தனிப் பிரச்சினைகள் இல்லை. கடன்பட்டவர்தான் வாய் திறவாமல் அந்தக் கட்டிலில் படுக்கிறார். தொழிலாளியிடம் கட்டணமே வாங்கக்கூடாது என்பது 1997இலேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181ஆம் உடன்படிக்கை வகுத்த விதி. அதை இந்தியா இன்னும் ஏற்கவில்லை.

1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் இன்னொரு விநோதம் உண்டு. பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டுக்குத்தான் வளைகுடா செல்ல அரசின் குடியேற்ற அனுமதி தேவை. ஒப்பந்தத்தைச் சரிபார்ப்பதும், பத்து லட்ச ரூபாய் வரையிலான பிரவாசி பாரதீய பீமா காப்பீட்டைக் கட்டாயமாக்குவதும் அந்த அனுமதியோடு வருபவை. பத்தாம் வகுப்பு தேறியவர் தன்னைத் தானே காத்துக்கொள்வார் என்பது சட்டத்தின் அனுமானம். ஒரு காலத்தில் அது ஓரளவு பொருந்தியிருக்கலாம். பள்ளிக்கல்வி பரவிவிட்ட தமிழ்நாட்டில் இன்று ஐடிஐ முடித்த வெல்டரும், ஃபிட்டரும், எலக்ட்ரீஷியனும் அந்தப் பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே போய்விட்டார்கள். சத்துணவு போட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்த மாநிலம், அதன் பலனாகவே தன் தொழிலாளியை மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து வெளியேற்றியிருக்கிறது. படிப்பை விட்டுவிட்டுத் தொழிலை வைத்து வளையம் போட முடியாதா என்றால், முடியும். செவிலியர்களை வெளிநாட்டு வேலைக்குச் சேர்ப்பதில் மோசடிப் புகார்கள் எழுந்த பின், பட்டமே பெற்றிருந்தாலும் செவிலியர்களுக்கு இந்த அனுமதி கட்டாயம் என்று 2015இல் அரசு ஆணையிட்டது. அரசு முகமைகள் வழியாகவே போக வேண்டும் என்றது. தமிழ்நாட்டின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அவற்றில் ஒன்று. செவிலியருக்குச் செய்ததை வெல்டருக்குச் செய்யாததற்குக் கொள்கைக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. சட்டத்தை மாற்றும் வரைவுகள் 2021இலும் 2025இலும் வெளிவந்தன.

மங்காஃப் குடும்பங்களுக்கு உதவி வேகமாகவே வந்தது. தலைமை அமைச்சர் நிதியிலிருந்து 2 லட்சம், தமிழ்நாடு அரசிடமிருந்து 5 லட்சம் என்று ஓரிரு நாளில் அறிவிப்புகள் வந்தன. தமிழக அமைச்சர் கொச்சி விமான நிலையத்துக்கே போய் உடல்களைப் பெற்றார். அந்த வேகத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஜூன் 11 அன்று அதே ஆள் உயிரோடு, கடனோடு, நெரிசல் அறையில் இருந்தபோது அவருக்கென்று இரண்டு அரசுகளிடமும் என்ன இருந்தது? நம் அயலக நலக் கொள்கை சாவு, விபத்து, சிறை, போர் இவற்றைச் சுற்றியே வளர்ந்திருக்கிறது. 1990இல் குவைத்தை ஈராக் பிடித்தபோது ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்களை விமானங்களில் மீட்டுவந்த பெருமை நமக்கு உண்டு. மீட்பதில் தேர்ந்துவிட்டோம், மீட்கத் தேவையில்லாத நாட்களுக்குத்தான் திட்டமில்லை.

முதுமை பற்றிச் சுருக்கமாக. குவைத்தின் 2010ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, மாத ஊதியக்காரருக்கு முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியமும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு மாத ஊதியமும் சர்வீஸ் பணமாகக் கிடைக்க வேண்டும். மொத்தம் ஒன்றரை ஆண்டு ஊதியத்தைத் தாண்டாது. ஓய்வூதியம் குடிமக்களுக்கு மட்டும். கட்டுமானத்தில் முப்பது வருடம் கழித்து முழங்கால் தேய்ந்து திரும்புகிறவருக்கு அந்தப் பணம் வீட்டின் மாடிப் பூச்சுக்குப் போய்விடும். இந்திய அரசு 2012இல் தொடங்கிய மகாத்மா காந்தி பிரவாசி சுரக்ஷா யோஜனா என்ற ஓய்வூதியத் திட்டம் சேர ஆளில்லாமல் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. கேரளம் 2008இல் சட்டம் இயற்றி, சந்தா கட்டும் புலம்பெயர் தொழிலாளிக்கு அறுபது வயதுக்குப் பின் மாத ஓய்வூதியம் தந்துவருகிறது. 2015ஆம் ஆண்டு ஆய்வில் வெளிநாட்டில் 22 லட்சம் பேரைக் கண்ட தமிழ்நாட்டிடம் அதற்கு இணையாக எதுவும் இல்லை. அயலகத் தமிழர் வாரியம் வந்திருக்கிறது. அதன் காப்பீடும் விபத்தையும் நோயையும் நோக்கியது.

இதற்கெல்லாம் சொல்லப்படும் வலுவான மறுப்பு ஒன்றுண்டு: நாம் நிபந்தனை போட்டால் முதலாளி நேபாளத்திலும் வங்கதேசத்திலும் ஆள் எடுப்பார், நம் ஏழைக்கு அந்தக் கட்டிலும் போய்விடும். இதை அலட்சியம் செய்யக்கூடாது. தன் தொழிலாளிக்கு வெளிநாட்டில் இவ்வளவாவது தர வேண்டும் என்று குறைந்தபட்சப் பரிந்துரை ஊதியத்தை இந்தியா விதித்தபோது இதே பேச்சு எழுந்தது. ஆனால் பிலிப்பைன்ஸின் அனுபவம் வேறு. தன் நாட்டுப் பணிப்பெண் ஒருவரின் கொலையை அடுத்து 2018இல் குவைத்துக்கு ஆள் அனுப்புவதையே அந்நாடு நிறுத்தியது. சில மாதங்களில் குவைத், பணிப்பெண்களுக்கான பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. பிலிப்பைன்ஸின் தூதரகத் தொழிலாளர் அலுவலகங்கள் முதலாளியையும் ஒப்பந்தத்தையும் பார்த்த பின்பே ஆளை அனுப்பும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. கத்தாரும் 2021இல் குறைந்தபட்ச ஊதியம் ஆயிரம் ரியால் என்று நிர்ணயித்தபோது, முதலாளி தங்குமிடம் தராவிட்டால் அதற்கென்று 500 ரியால் தனியாகத் தர வேண்டும் என்றது. படுக்கைக்கு ஒரு விலை வைத்த பின்னும் கத்தாரின் கட்டுமானத் தொழில் நின்றுபோகவில்லை.

குவைத்தின் உழைப்பாளர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் இந்தியர்கள். இவ்வளவு பேரை ஒரே இரவில் வேறு நாட்டிலிருந்து எடுத்துவிட முடியாது. பேர வலு நம் பக்கம் இருக்கிறது. தனியாகக் கேட்கத் தயங்கினால் கூட்டாகக் கேட்க 2003இல் தொடங்கிய கொழும்புச் செயல்முறை இருக்கிறது. ஆள் அனுப்பும் பன்னிரண்டு ஆசிய நாடுகள் அதில் உறுப்பினர்கள், நேபாளமும் வங்கதேசமும் இலங்கையும் பிலிப்பைன்ஸும் உட்பட. அதன் தலைமை முதன்முறையாக இந்தியாவிடம் வந்தது 2024 மே மாதம், மங்காஃப் தீக்குச் சில வாரங்கள் முன்பு. ஒரு அறைக்கு எத்தனை கட்டில், தடுப்பு எந்தப் பொருளில், மாடிக்கதவின் சாவி யாரிடம் என்ற மூன்றையும் வேலை ஒப்பந்தத்தின் பிரிவுகளாகப் பன்னிரண்டு நாடுகளும் சேர்ந்து கேட்டால், ஆளை மாற்றிக்கொள்ளப் போகும் முதலாளிக்கு அந்தப் பட்டியலில் போக வேறு இடம் மிஞ்சாது.