வெள்ளைக்காரன்ட சட்டமா, எங்கட சட்டமா?

"இது வெள்ளைக்காரன் விட்டிட்டுப் போன சட்டம்." தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகளைப் பற்றிக் கதைக்கும்போது நாங்கள் முதலில் சொல்லுற வசனம் இதுதான். பொய்யில்லை. ஆனால் பாதிக் கதை.

1883இல் வந்த சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு, 'இயற்கை ஒழுங்குக்கு மாறான' உடலுறவுக்குப் பத்து வருடம் வரை சிறை என்றது. 365ஏ பிரிவோ, ஆண்களுக்கிடையிலான 'பாரதூரமான இழிசெயலை'க் குற்றமாக்கியது. பொது இடமோ தனி வீடோ, வித்தியாசமில்லை. இழிசெயல் என்றால் என்ன என்று சட்டம் விளக்கவுமில்லை.

இனி மற்றப் பாதி. 1995, சுதந்திரம் கிடைத்து 47 வருடம். பெண்களையும் சிறுவர்களையும் பாலியல் வன்முறையிலிருந்து காக்க 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்தது. தகாப்புணர்ச்சி, பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் எல்லாம் குற்றங்களாகின. நல்ல விசயம். ஆனால் அதே சட்டம் 365ஏயில் 'ஆண்' இருந்த இடத்தில் 'ஆள்' என்று போட்டது. அந்த ஒரு சொல்லால், அதுவரை இந்தப் பிரிவுக்குள் வராத பெண்களும் குற்றவாளிகளானார்கள். அதைச் செய்தது எங்கட பாராளுமன்றம்.

விளைவு சிறைத் தண்டனையோடு நிற்கவில்லை. தன்பாலீர்ப்புப் பெண்களின் மாநாடொன்றுக்குப் பாலியல் வன்புணர்வுக் குற்றவாளிகளை அனுப்ப வேண்டும் என்று ஆங்கிலப் பத்திரிகையொன்றில் கடிதம் வந்தது. அதற்கெதிராக முறையிட்டவருக்கே 2000இல் பத்திரிகைப் பேரவை செலவுப் பணம் கட்டச் சொன்னது. 2017க்குப் பிறகும் கைதானவர்களுக்கு வலுக்கட்டாயமாக ஆசனவாய்ப் பரிசோதனை நடந்ததை, ஈக்வல் கிரவுண்ட் அமைப்பும் மனித உரிமைகள் கண்காணிப்பகமும் 2020இல் வெளியில் கொண்டுவந்தன.

நீதிமன்றத்துக்குப் போகலாமே எண்டு கேக்கலாம். எங்கட அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது. 2018இல் இந்திய உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவைக் கையாண்டதுபோல இங்கே செய்ய வழியில்லை. அதனால்தான் ஈக்வல் கிரவுண்டை நிறுவிய ரொசானா ஃபிளேமர் கல்தேரா ஐ.நா.வின் பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் குழுவிடம் போனார். 2022இல் அந்தக் குழு, பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்குவது உரிமை மீறல் என்று சொல்லி, சட்டத்தை நீக்கும்படி இலங்கையைக் கேட்டது.

2023இல் பிரேம்நாத் தொலவத்தவின் தனிநபர் சட்டமூலத்துக்கும் தடை இல்லாமற் போனது. அது அரசியலமைப்புக்கு முரணில்லை என்று எங்கட உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனாலும் 2024இல் அந்தப் பாராளுமன்றம் கலையும்வரை சட்டமூலம் நிறைவேறவில்லை.

வெள்ளைக்காரனை ஏசுறது லேசு. 1883க்கு அவனை ஏசுவோம். 1995க்கு ஆரை ஏசுறது? அந்த ஒரு சொல்லை மாற்றத் தெரிந்த பாராளுமன்றத்துக்கு, இரண்டு பிரிவுகளையும் நீக்கவும் அதிகாரம் இருக்கு. அதைக் கேட்கவேண்டிய ஆக்கள் நாங்கள்தான்.