லாபிஸ் வானத்திலிருந்து பாங்காக் மேசை வரை



2025-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள், கோலாலம்பூரில் நடைபெற்ற உச்சநிலை மாநாட்டில் திமோர் லெஸ்தே என்னும் சின்னஞ்சிறு நாடு ஆசியான் அமைப்பின் பதினோராவது உறுப்பினராகச் சேர்ந்தது. அந்த வாரம் வகுப்பில் நாளிதழ்ப் படத்தைக் காட்டிப் பாடம் நடத்தினேன். 2007-இல் ஆசியானின் நட்புறவு ஒப்பந்தத்தை ஏற்றார்கள். 2011-இல் விண்ணப்பம் செய்தார்கள். 2022-இல் கொள்கையளவில் சம்மதம் கிடைத்தது. 2023-இல் செய்து முடிக்க வேண்டியவை இன்னின்ன என்று ஒரு வழித்திட்டம் வகுக்கப்பட்டது. அதற்கும் பிறகுதான் இந்த நாள் வந்தது என்று சொல்லிக்கொண்டு போனேன். ஒரு மாணவன் எழுந்து நின்றான். "ஏன் டீச்சர், பக்கத்து வீட்டுக்காரங்கதானே? கேட்ட உடனே சேர்த்துக்கிட்டா என்ன?" என்றான்.

நல்ல கேள்விதான். அவனுக்கு அன்று நான் சொன்ன பதில் போதவில்லை என்று எனக்கே பட்டது. ஆகவே அதை இந்த மலரில் எழுதுகிறேன். அதற்கு நாம் திமோர் வரை போக வேண்டியதில்லை. நம் ஜொகூர் மாநிலத்து ரப்பர்க் காடே போதும்.

என் அம்மாச்சி லாபிஸ் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டியவர். 1964-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் அவருக்கு இருபத்திரண்டு வயது. மடியில் கைக்குழந்தை, என் பெரிய மாமா. "ராத்திரி இடியும் மழையுமா கெடந்துச்சு. அதுக்கு நடுவுல ஏரோப்ளேன் சத்தம் தாழக் கேட்டுச்சு. விடியக்காலம் பெரட்டுல கிராணி வந்து, மலைப்பக்கத்து நெரைக்கு யாரும் போவக்கூடாது, குடை புடிச்சி ஆளுங்க எறங்கியிருக்கானுங்கன்னு சொன்னாரு" என்று இன்றைக்கும் சொல்வார். குடை என்றால் பாராசூட். இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் தனியாக நடக்கிற பெண்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வெட்டாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. பயத்தைவிட அதுதான் பெரிய கவலை என்பார் அம்மாச்சி.

அந்தக் குடைகளில் இறங்கியவர்கள் இந்தோனேசியப் படையினர். ஜகார்த்தாவிலிருந்து மூன்று விமானங்கள் புறப்பட்டன. அவற்றில் ஒன்று மலாக்கா நீரிணையில் விழுந்துபோனது. மற்ற இரண்டிலிருந்தும் 96 பேர் லாபிஸ் வட்டாரத்தில் குதித்தனர். அம்மாச்சி சொன்ன அதே இடிமழை அவர்களை மூலைக்கொருவராகச் சிதறடித்துவிட்டது. குர்க்கா படையினரும் நியூசிலாந்துப் படையினரும் காட்டுக்குள் தேடினார்கள். ஒரு மாதத்துக்குள் அந்த 96 பேரில் 90 பேர் கொல்லப்பட்டனர் அல்லது பிடிபட்டனர்.

இதற்குப் பதினைந்து நாட்களுக்கு முன், ஆகஸ்டு 17-ஆம் நாள், பொந்தியான் கரையோரத்தில் சுமார் நூறு பேர் படகுகளில் வந்து இறங்கியிருந்தனர். அக்டோபர் 29-இல் ஜொகூர், மலாக்கா எல்லையிலுள்ள கெசாங் ஆற்று முகத்துவாரத்தில் மேலும் 52 பேர் இறங்கினர். மக்கள் மாலை போட்டு வரவேற்பார்கள் என்று அவர்களிடம் சொல்லி அனுப்பியிருந்தார்களாம். வரவேற்பாரும் இல்லை, சேர்வாரும் இல்லை.

இவ்வளவு பகை எங்கிருந்து வந்தது? இதைத்தான் மாணவர்கள் கவனிக்க வேண்டும். பகைக்கு முன்னால் ஓர் உடன்படிக்கை இருந்தது! 1963-ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் துங்கு அப்துல் ரஹ்மான், அதிபர் சுகர்ணோ, பிலிப்பைன்ஸ் அதிபர் மக்கபகால் ஆகிய மூவரும் மணிலாவில் கூடினார்கள். மூன்று நாடுகளின் பெயரையும் சேர்த்து 'மாபிலிண்டோ' என்று ஒரு கூட்டுக்குப் பெயரும் வைத்தார்கள். சபா, சரவாக் மக்கள் மலேசியாவில் சேர விரும்புகிறார்களா என்று ஐக்கிய நாட்டுச் சபை விசாரித்துச் சொல்லட்டும், அதன் பிறகு ஏற்றுக்கொள்கிறோம் என்பது பேச்சு.

ஐ.நா. குழு இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே, ஆகஸ்டு கடைசியில், செப்டம்பர் 16-ஆம் நாள் மலேசியா பிறக்கும் என்று நம் தரப்பு அறிவித்துவிட்டது. அறிக்கை செப்டம்பர் 14-இல் நமக்குச் சாதகமாகவே வந்தது. ஆனால் அறிக்கைக்கு முன்பே நாள் குறித்தது தங்களை அவமதித்ததாகும் என்று ஜகார்த்தா எடுத்துக்கொண்டது. சுகர்ணோவுக்கு மலேசியா அமைவதே பிடிக்கவில்லை, இது சாக்குத்தான் என்பாரும் உண்டு. அதிலும் உண்மை இருக்கிறது. ஆனாலும் நாளைக் குறித்த அவசரம் அவருக்கு நல்ல சாக்காக அமைந்தது என்பது என் கருத்து. மாபிலிண்டோ மூன்று மாதம்கூட வாழவில்லை. 'கஞ்ஞாங் மலேசியா', அதாவது மலேசியாவை நொறுக்கு என்ற முழக்கம்தான் மிஞ்சியது. உறவு அறுந்தது, வணிகமும் நின்றது. சுமத்திராவிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்து பதமாகிக்கொண்டிருந்த ரப்பரும் வரவில்லை.

மலேசியா ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் முறையிட்டது. 1964 செப்டம்பர் 17-ஆம் நாள் ஒன்பது நாடுகள் நம் பக்கம் கைதூக்கின. சோவியத் ரஷ்யா தன் தடுப்பு வாக்கைப் போட்டுத் தீர்மானத்தை முறியடித்தது. 1965 ஜனவரியில் மலேசியா அந்த மன்றத்தில் இடம் பெற்றதும் இந்தோனேசியா ஐ.நா.வை விட்டே வெளியேறியது. பெரும் சண்டை போர்னியோக் காடுகளில் நடந்தது. மொத்தத்தில் இந்தோனேசியர் சுமார் 590 பேரும் நம் பக்கத்துக் காமன்வெல்த் படையினர் 114 பேரும் மாண்டனர். அந்த 590 பேரும் ஏழை வீட்டுப் பிள்ளைகளாகத்தான் இருந்திருப்பார்கள்.

ஜகார்த்தாவில் 1965 செப்டம்பர் 30-க்குப் பிறகு நிலைமை தலைகீழானது. அங்கே நடந்த கொடுமைகள் தனிக் கட்டுரைக்கு உரியவை. 1966 மார்ச் மாதத்தில் அதிகாரம் ஜெனரல் சுகார்த்தோவின் கைக்குப் போயிற்று. ஆடம் மாலிக் வெளியுறவு அமைச்சரானார். அதற்கு முன்பிருந்தே இரு தரப்பாரும் திரைமறைவில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். பென்னி மூர்டானி என்ற இந்தோனேசிய அதிகாரி, பாங்காக்கில் கருடா விமான நிறுவன அலுவலர் என்ற பெயரில் உட்கார்ந்துகொண்டு தூது பார்த்தார். நம் பக்கத்தில் கசாலி ஷாபி. மேடையில் முழங்கிக்கொண்டே பின்வாசலில் பேசுவது அரசியலில் உண்டு. அந்தப் பேச்சினால் உயிர் மிஞ்சுமென்றால் அதில் குற்றம் காண எனக்கு மனமில்லை.

1966 மே மாதக் கடைசியில், எந்தப் படையை மலேசியாவை நொறுக்கவென்று அமைத்தார்களோ அதே படையின் அதிகாரிகள் கோலாலம்பூருக்கு விமானத்தில் வந்து இறங்கினார்கள். இந்த முறை குடை இல்லை! சில நாட்களில் பாங்காக்கில் துன் அப்துல் ரசாக்கும் ஆடம் மாலிக்கும் சந்தித்து, ஜூன் 1-ஆம் நாள் உடன்பாடு கண்டார்கள். நடுவில் நின்று விருந்து உபசாரம் செய்தவர் தாய்லாந்து வெளியுறவு அமைச்சர் தனாட் கோமான். அந்த விருந்தில்தான், வட்டார ஒத்துழைப்புக்குப் புதிதாக ஓர் அமைப்பைத் தொடங்கலாமே என்று ஆடம் மாலிக்கிடம் அவர் கேட்டார். மாலிக் உடனே ஒப்புக்கொண்டார். ஆனால் தம் அரசாங்கத்தோடு பேச வேண்டும், மலேசியாவோடு உறவைச் சீர்செய்ய வேண்டும், அதற்குக் கொஞ்சம் காலம் வேண்டும் என்றாராம். தனாட் கோமானே பின்னாளில் இதை எழுதியிருக்கிறார். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். முதலில் வீட்டுச் சண்டை தீரட்டும், அப்புறம் சங்கம் வைக்கலாம் என்பது நம் லயத்துப் பெரியவர்கள் சொல்கிற மாதிரியே இல்லையா?

பாங்காக் உடன்பாட்டை சுகர்ணோ எளிதில் விடவில்லை. பெயரளவில் அவர்தானே அதிபர்! இரண்டு மாதம் இழுபறி. கடைசியில் 1966 ஆகஸ்டு 11-ஆம் நாள் ஜகார்த்தாவில் துன் ரசாக்கும் ஆடம் மாலிக்கும் கையெழுத்திட்டார்கள். மூன்றாண்டுச் சண்டையை முடித்த அந்தப் பத்திரம் எவ்வளவு பெரியது என்று நினைக்கிறீர்கள்? நான்கே நான்கு விதிகள். சபா, சரவாக் மக்கள் தாங்கள் முன்பு எடுத்த முடிவைப் பொதுத் தேர்தல் வழியாக மீண்டும் உறுதி செய்ய மலேசியா வாய்ப்பளிக்கும். தூதரக உறவு உடனே தொடங்கும். பகைச் செயல்கள் உடனே நிற்கும். கையெழுத்திட்ட நாளிலிருந்தே இது நடப்புக்கு வரும். அவ்வளவுதான்.

முதல் விதியை இன்னொரு முறை படியுங்கள். 'மீண்டும் உறுதி செய்ய' என்று இருக்கிறது. மக்கள் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார்கள் என்பது அதற்குள் அடங்கிவிட்டது, அது நமக்கு. மறுபடியும் கேட்கப் போகிறார்கள் என்பதும் அடங்கிவிட்டது, அது அவர்களுக்கு. யார் தோற்றார், யார் மன்னிப்புக் கேட்டார் என்று ஒரு சொல்கூட இல்லை. மணிலாவில் பக்கம் பக்கமாக எழுதியது ஏழு வாரத்தில் கிழிந்தது. இந்த நான்கு விதி நின்றுவிட்டது. மணிலாவில் பெரிய கூட்டுக்குப் பெயர் வைத்துவிட்டுத் தகராறைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். ஜகார்த்தாவில் தகராறை முதலில் எடுத்தார்கள். 1967 ஏப்ரலில் சபாவில் தேர்தல் நடந்தது. சரவாக்கில் 1969-இல் தொடங்கி, மே 13 கலவரத்தால் நின்று, 1970-இல் முடிந்தது.

ஜகார்த்தாக் கையெழுத்துக்கு ஓராண்டு நிறைய மூன்று நாள் இருக்கையில், 1967 ஆகஸ்டு 8-ஆம் நாள், பாங்காக்கில் ஐந்து நாடுகள் கூடி ஆசியானைத் தோற்றுவித்தன. ஆடம் மாலிக், துன் ரசாக், தனாட் கோமான், பிலிப்பைன்ஸின் நார்சிசோ ராமோஸ், சிங்கப்பூரின் எஸ்.ராஜரத்தினம் ஆகிய ஐவர் கையெழுத்திட்டார்கள்.

ராஜரத்தினத்தைப் பற்றி நம் தோட்டத்து மக்களுக்கு ஒரு வார்த்தை. அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கைக்குழந்தையாக மலாயாவுக்கு வந்த தமிழர். தந்தையார் சிரம்பான் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் மேற்பார்வையாளர். பால்மர நிழலில் வளர்ந்த பிள்ளைதான் அந்த மேசையில் ஒரு நாட்டின் சார்பில் பேனா பிடித்தது. 1964-இல் சிங்கப்பூர் நம்மோடு ஒரே நாடு. 1965 மார்ச் 10-இல் இந்தோனேசிய நாசகாரர்கள் அங்கே மெக்டோனல்ட் ஹவுஸ் கட்டடத்தில் வைத்த குண்டுக்கு மூவர் பலியானார்கள். அந்த வடு ஆறுமுன்பே ஆடம் மாலிக்கின் அருகில் அவர் உட்கார வேண்டியிருந்தது.

பிறகு வந்த ஒப்பந்தங்களில் மலாக்கா நீரிணையின் கடல் எல்லையை வகுத்த 1969, 1970 உடன்படிக்கைகளை இங்கே விரிக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தைத் தொட்ட ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மலாய் மொழியில் 'ச' ஓசையை நாம் ஆங்கில 'சீ', 'எச்' என்ற ஈரெழுத்தால் எழுதிவந்தோம். இந்தோனேசியர் 'டீ', 'ஜே' என்று எழுதினார்கள். 1972 மே மாதம் இரு நாட்டுக் கல்வி அமைச்சர்களும் ஒரே எழுத்துமுறைக்கு உடன்பட்டார்கள். நம் சார்பில் கையெழுத்திட்டவர் ஜொகூர் பாருவில் பிறந்த உசேன் ஓன். பின்னாளில் நம் மூன்றாவது பிரதமர். அவ்வாண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் இரு நாடுகளிலும் புதிய முறை அறிவிக்கப்பட்டது. அது முதல் இரு பக்கமும் 'சீ' ஒன்றுதான்.

அந்தக் கேள்வி கேட்ட மாணவனை ஒருநாள் வீட்டுக்கு அழைத்து வந்து அம்மாச்சியோடு பேசவிட்டேன். இப்போது எங்கள் தோட்டம் முழுதும் செம்பனை. குலை வெட்டுபவர்களில் பலர் லொம்போக்கிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களில் ஒருவர் அன்று மாலை மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, "நேனே, தண்ணி இருக்கா?" என்று மலாயில் கேட்டார். அம்மாச்சி உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். பையன் அவர் போகும் வரை காத்திருந்து, "பாட்டி, இவங்க ஆளுங்கதானா குடையில எறங்கினது?" என்று மெல்லக் கேட்டான்.

"இவன் அப்ப பொறக்கவே இல்லைடா" என்றார் அம்மாச்சி.