மயாமியில் இறங்கிய குதிரைக் காய்ச்சல்

1963இல் மயாமியில் பந்தயக் குதிரைகள் கூட்டங்கூட்டமாக இருமத் தொடங்கின. கடும் காய்ச்சல், மூக்கொழுகல், தீவனத்தைத் தொடாமை. அர்ஜென்டினாவிலிருந்து வந்த குதிரைகளோடு நோய் கரையிறங்கியிருந்தது. மயாமியில் பிரித்தெடுத்த இன்ஃப்ளூயன்சா வைரஸ்தான் எச்3என்8. சில ஆண்டுகளில் அது ஐரோப்பாவையும் எட்டியது. ஆனாலும் நாற்பது ஆண்டுகள் குதிரைகளின் நோயாகவே இருந்தது. நாய்க்கு இன்ஃப்ளூயன்சா வராது என்றே கால்நடை மருத்துவர்கள் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை இத்தனை காலம் நீடித்தது எனக்குப் பெரிய ஆச்சரியம். உலகெங்கும் ஆய்வகங்களில் ஃப்ளூ வைரஸை வளர்க்கப் பயன்படும் எம்டிசிகே செல்கள், 1958இல் ஒரு பெண் காக்கர் ஸ்பேனியல் நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தவை. நாயின் செல்லில் இந்த வைரஸ் செழித்து வளரும் என்பதற்கான சான்று எல்லா ஆய்வகங்களின் குடுவைகளிலும் இருந்தது.

2004 ஜனவரியில் ஃபுளோரிடாவின் ஒரு பந்தயத் திடலில் 22 கிரேஹவுண்ட் நாய்கள் நோயில் விழுந்தன. 14 நாய்கள் காய்ச்சலும் இருமலுமாகக் கிடந்து தேறின. 8 நாய்கள் நுரையீரலில் ரத்தம் கட்டி இறந்தன. கொட்டில்காரர்களுக்கு 'கென்னல் காஃப்' என்னும் கொட்டில் இருமல் புதிதல்ல. ஆனால் அதில் நாய் இப்படிச் சாகாது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் சிண்டா க்ராஃபோர்ட் இறந்த நாய்களின் மாதிரிகளைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பினார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் டுபோவி ஒரு நாயின் நுரையீரலிலிருந்து வைரஸை வளர்த்தெடுத்தார். அதன் எட்டு மரபணுத் துண்டுகளும் குதிரை வைரஸிலிருந்து வந்தவை. அந்தக் கோடைக்குள் 6 மாநிலங்களில் 14 திடல்களுக்கு நோய் பரவிவிட்டது. சேமிப்பில் இருந்த பழைய ரத்த மாதிரிகளைச் சோதித்தபோது, 2004க்கு முன்பே வைரஸ் இந்த நாய்களிடையே சுற்றியிருந்தது தெரிந்தது.

குதிரைக்குப் பக்கத்தில் இருந்தால் நாய்க்கு நோய் தொற்றலாம், சரி. ஆனால் நாயிலிருந்து நாய்க்கு அது ஓயாமல் பரவ அது மட்டும் போதாது. 2002இல் இங்கிலாந்தில் நரிவேட்டை நாய்க் கொட்டில் ஒன்றில் இதே குதிரை வைரஸ் புகுந்து உயிர்களைப் பறித்தது. அங்கேயே அடங்கியும் போனது. 2007இல் ஆஸ்திரேலியக் குதிரைகளிடையே பெரும் தொற்று வந்தபோது அவற்றின் அருகில் இருந்த நாய்களுக்கும் தொற்றியது. அதோடு சரி. அமெரிக்காவில் மட்டும் ஏன் அடங்கவில்லை? பந்தயத் தொழில் நடந்த விதம்தான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஃபுளோரிடா 1931இல் பந்தயச் சூதாட்டத்தைச் சட்டப்பூர்வமாக்கியது. அதன்பின் நாய்ப் பந்தயத்தில் அமெரிக்காவிலேயே முதல் மாநிலமாக வளர்ந்தது. கொட்டிலில் கூண்டின் மேல் கூண்டு, பெரும்பாலும் மேல் தட்டில் பெண் நாய்கள், கீழ்த் தட்டில் ஆண் நாய்கள். நாளில் சிலமுறை வேலியடைத்த முற்றத்தில் திறந்துவிடுவார்கள். மற்ற நேரமெல்லாம் அடைப்புதான். ஒரு திடலில் தோற்றுக்கொண்டே இருக்கும் நாயைத் தரம் குறைந்த இன்னொரு திடலுக்கு அனுப்புவார்கள். அறை அறையாகப் பிரித்த வண்டியில், முன்பின் பழகாத நாய்களோடு மாநிலம் விட்டு மாநிலம் போகும். இப்படி ஒரே காற்றைச் சுவாசிக்கும் நூற்றுக்கணக்கான நாய்களை அந்தத் தொழில் சேர்த்து வைத்திருந்தது.

நான் ஃபுளோரிடாவின் டாம்பாவில் வசிக்கிறேன். பந்தயம் முடிந்த ஒரு பெண் கிரேஹவுண்டைத் தத்தெடுத்து வளர்த்தோம். கருப்பி என்று கூப்பிட்டோம். வலது காதின் உட்புறத்தில் பச்சை குத்தியிருந்தது: 12சி. முதல் மாதம், 2002, அந்த ஈற்றில் மூன்றாவது குட்டி. இடது காதில் ஈற்றின் பதிவெண். தொடைகளின் பின்புறம் முடியே இல்லை. தரையில் உட்கார அவளுக்கு வராது. நிற்பாள், இல்லையென்றால் முழு நீளத்துக்குப் படுத்துவிடுவாள். எங்கள் வீட்டு மாடிப்படியைக் கண்டு நடுங்கினாள். அதுவரை அவள் படியேறியதே இல்லை. அவள் ஓடிக்கொண்டிருந்த வயதில்தான் அந்தக் காய்ச்சல் திடல் திடலாகப் போனது. அந்தக் காதெண்ணைத் தடவும்போதெல்லாம் செத்துப்போன எட்டு நாய்களுக்கும் இதுபோல் எண்கள் இருந்திருக்கும் என்று நினைப்பேன்.

பிறகு வைரஸ் வீட்டு நாய்களுக்கும், நியூயார்க், பிலடெல்பியா, டென்வர் நகரங்களின் நாய்க் காப்பகங்களுக்கும் போனது. 2009இல் தடுப்பூசி வந்தது. புதுப்புது நாய்கள் வந்துகொண்டே இருக்கும் காப்பகங்களில்தான் வைரஸால் தாக்குப்பிடிக்க முடிந்தது. 2016க்குப் பிறகு தென்படவில்லை. 2018 நவம்பரில் ஃபுளோரிடா மக்கள் நாய்ப் பந்தயத்துக்கு எதிராக வாக்களித்தார்கள். 1925இல் தொடங்கிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க் 'டெர்பி லேன்' உட்பட எல்லாத் திடல்களிலும் 2020 முடிவதற்குள் ஓட்டம் நின்றது.

2015இல் ஷிகாகோவில் இன்னொரு நாய்க் காய்ச்சல் வந்திறங்கியது. பறவைகளிடமிருந்து ஆசிய நாய்களுக்குத் தாவிய எச்3என்2 அது. இம்முறை அது பரவியது, வெளியூர் போகிறவர்கள் நாயை விட்டுச்செல்லும் விடுதிகள் வழியாக. ஊருக்குப் போகும்போது நானும் நாயை விடுதியில் விடத்தான் வேண்டியிருக்கிறது. இருமும் நாய் வந்தால் எங்கே தனியாக வைப்பீர்கள் என்று முதலில் கேட்பேன். அந்த அறையைக் காட்டாத இடத்தில் விடமாட்டேன்.