லிங்கன் கொலை விசாரணையும் ஆல்காட் குப்பமும்

பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சுக்கு வடக்கே, அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஊரூர் ஆல்காட் குப்பம்னு ஒரு மீனவர் குடியிருப்பு இருக்கு. சில வருடங்களுக்கு முன் டி.எம். கிருஷ்ணா கச்சேரி நடத்தினாரே, அந்தக் குப்பம்தான். ஊரூர் சரி, நம்ம பெயர். ஆல்காட் யாரு? தாம்பரத்திலிருந்தும் வேளச்சேரியிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை பீச்சுக்குப் போகிற நாம் அதைக் கேட்டதே இல்லை.

ஹென்றி ஸ்டீல் ஆல்காட், 1832-ல் நியூ ஜெர்சியில் பிறந்த அமெரிக்கர். முதலில் விவசாய ஆராய்ச்சிதான் அவர் தொழில். சர்க்கரைச் சோளம் பற்றி 1857-ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கார். உள்நாட்டுப் போர் வந்தபோது வடக்கு மாநிலங்களின் ராணுவத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த முக்கியமான வேலை துப்பாக்கி தூக்குறது இல்லை. ராணுவத்துக்குச் சரக்கு விற்பதில் நடந்த மோசடிகளைக் கண்டுபிடிப்பது. அதில் எடுத்த பெயரால்தான் 1865 ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டதும், சதியை விசாரிக்க நியமிக்கப்பட்ட அதிகாரிகளில் ஒருவரானார். கர்னல் பட்டம் கடைசி வரை கூடவே வந்தது.

அதுக்கப்புறம் வக்கீல் தொழில். இப்படிப்பட்ட ஆள் 1874-ல் வெர்மாண்ட்டில் ஒரு பண்ணை வீட்டில் ஆவிகள் வருதாமேன்னு பத்திரிகைக்கு எழுதப் போனார். அங்கேதான் ரஷ்யப் பெண்மணி பிளாவட்ஸ்கியைச் சந்தித்தார். அடுத்த வருடம் நவம்பரில் நியூயார்க்கில் தியோசாபிகல் சொசைட்டி, அதாவது பிரம்மஞான சபை பிறந்தது.

இங்கே ரெண்டு துணுக்கு சொல்லாமல் போக மனசு வரலை. அமெரிக்காவின் முதல் நவீன தகன மேடை பென்சில்வேனியாவில் வாஷிங்டன் என்ற சின்ன ஊரில் இருக்கு. 1876 டிசம்பரில் அங்கே முதலில் எரிக்கப்பட்டவர் சபை உறுப்பினரான டி பாம் பிரபு. அந்தத் தகனத்துக்கு ஏற்பாடு செய்தவர் நம்ம ஆல்காட். இன்னொண்ணு: ஆல்காட் இந்தியாவுக்குக் கிளம்பினபோது, அமெரிக்காவில் சபையின் தற்காலிகத் தலைவராக இருந்தவர் ஜெனரல் ஆப்னர் டபுள்டே. பேஸ்பாலைக் கண்டுபிடிச்சவர்னு அமெரிக்கர்கள் பல காலம் நம்பின அதே டபுள்டே. (அவர் கண்டுபிடிக்கலை, அது வேற கதை.)

1879-ல் பம்பாய் வந்தார்கள். 1882-ல் அடையாற்றங்கரையில் ஹடில்ஸ்டன் தோட்டத்தை வாங்கினார்கள். இன்றைக்கும் சபையின் தலைமையகம் அதுதான். வந்த சில வருடங்களிலேயே பெரிய சிக்கல். பிளாவட்ஸ்கியின் அற்புதங்கள் போலி என்று புகார் கிளம்ப, லண்டனிலிருந்து ஹாட்ஜ்சன் என்பவர் அடையாறுக்கே வந்து விசாரித்து, மோசடிதான் என்று 1885-ல் அறிக்கை கொடுத்தார். போர்க்காலத்தில் எத்தனையோ கள்ளக் கணக்கைப் பிடித்த மனிதர், தன் வீட்டு மாடியில் நடந்ததைப் பார்க்கவில்லையா, பார்க்க விரும்பவில்லையா? எனக்கு இரண்டாவதுதான் சரின்னு படுது.

ஆல்காட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஆவி சமாச்சாரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். 1894-ஐப் பேசுவதில்லை. அந்த வருடம்தான், அன்று ‘பஞ்சமர்’ என்று ஒதுக்கப்பட்டிருந்த சாதிகளின் பிள்ளைகளுக்காக, சபைத் தோட்டத்தின் பக்கத்திலேயே ஒரு இலவசப் பள்ளி ஆரம்பித்தார். சபை உறுப்பினர்களில் மேல்சாதிக்காரர்கள், படித்த வக்கீல்கள், அதிகாரிகள் நிறைய. தத்துவம் பேச வந்தவர்களின் வாசலிலேயே சேரிப் பிள்ளைகளுக்குக் கரும்பலகை வைப்பது அன்றைய மெட்ராஸில் லேசுப்பட்ட காரியமில்லை. பிறகு பள்ளிகள் ஐந்தாகப் பெருகின. அதில் ஒன்றுக்குத் திருவள்ளுவர் பெயர்.

ரொம்பவும் தூக்கிப் பிடிக்கவும் கூடாது. அந்தப் பள்ளிகள் குறி வைத்தது ஆரம்பக் கல்வியைத்தான்: எழுத்து, கணக்கு, கொஞ்சம் இங்கிலீஷ், சமையல் மாதிரி கைத்தொழில். உயர்படிப்பு அந்தத் திட்டத்தில் இல்லை. ஆனால் படிக்கத் தெரிந்தவர்கள் அடுத்தவர் திட்டத்துக்குள் அடங்கி இருப்பார்களா என்ன?

அயோத்திதாசப் பண்டிதர் யாருடைய பள்ளிக்கும் காத்திருந்தவர் இல்லை. சித்த மருத்துவர், தமிழறிஞர்; 1891-லேயே திராவிட மகாஜன சபையைத் தொடங்கியவர். பறையர் எனப்பட்டவர்கள் பூர்வத்தில் பௌத்தர்கள் என்பது அவர் வாதம். பௌத்தத்துக்குத் திரும்ப வழி தேடி அவர் ஆல்காட்டிடம் வந்தார். ஆல்காட் 1880-லேயே இலங்கையில் காலி நகரில் பஞ்சசீலம் ஏற்றவர். அங்குள்ள பிக்குகள் அவருக்குப் பழக்கம். 1898-ல் பண்டிதர் கொழும்பு போய் சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அம்பேத்கர் நாக்பூரில் பௌத்தம் தழுவியது 1956. நடுவில் 58 வருடம், கணக்குப் போட்டுப் பாருங்க.

கொழும்பில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே ஆல்காட்டுக்குச் சிலை இருக்கு, முன்னால் போகிற சாலைக்கும் அவர் பெயர்தான். இங்கே அவர் பெயரில் குப்பமும், பெசன்ட் நகரில் இன்றும் கட்டணமில்லாமல் நடக்கிற ஆல்காட் நினைவுப் பள்ளியும்.

1907 பிப்ரவரி 17 அன்று அடையாறில் ஆல்காட் இறந்தார். சபைத் தோட்டத்திலேயே எரித்தார்கள். அதே வருடம் ஜூன் 19-ல், ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசரின் வார இதழ் வெளிவரத் தொடங்கியது. பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. விலையும் ஒரு பைசாதான்.